காதுக்குள் நாடி கேட்டால் எந்தச் சோதனை முதலில்?

ராத்திரி விளக்கை அணைத்துப் படுத்ததும் ஒரு பக்கக் காதில் 'உஸ்… உஸ்…' என்று இரைச்சல் கேட்கிறது, மணிக்கட்டில் நாடியைப் பிடித்துப் பார்த்தால் இரண்டும் ஒரே தாளத்தில் போகின்றன என்று வைத்துக்கொள்வோம். அதன் பிறகு ஒருவருக்குக் கிடைக்கிற ஆலோசனை பெரும்பாலும் இரண்டு வகை. போனில் தேடினால் மூளை ரத்தக்குழாய், கட்டி, உடனே எம்.ஆர்.ஐ. என்று வருகிறது. வீட்டிலோ அக்கம்பக்கத்திலோ கேட்டால் "காது இரையறது எல்லாருக்கும் வர்றதுதான், ரெண்டு சொட்டு எண்ணெய் காய்ச்சி விடு" என்கிறார்கள். இந்த இரண்டுமே தப்பு, அதுவும் ஒரே காரணத்தால் தப்பு என்பதுதான் நான் இங்கே வாதிட விரும்புவது. இரண்டுமே நோயாளியைத் தொட்டுப் பார்க்கிற முதல் சோதனையைத் தாண்டிப் போய்விடுகின்றன. இதை ஜவ்வாது மலையை மனதில் வைத்தே எழுதுகிறேன். அங்கே ஜமுனாமரத்தூரில் இருப்பவர் எம்.ஆர்.ஐ. எடுக்க வேண்டுமென்றால் போளூர் வழியாகத் திருவண்ணாமலைக்கோ, ஆலங்காயம் பக்கம் இறங்கி வாணியம்பாடி, வேலூருக்கோ போயாக வேண்டும். அதற்கு ஒரு நாள் கூலி போகும், துணைக்கு வருகிறவரின் கூலியும் போகும். சென்னையில் இருப்பவர் அவசரப்பட்டு ஒரு ஸ்கேன் எடுத்துவிட்டால் பணம்தான் நஷ்டம். மலையில் அந்த அவசரத்துக்கும் அலட்சியத்துக்கும் விலை இன்னும் அதிகம். அதனால் எந்தச் சோதனை முதலில், எது அடுத்தது, எதற்குக் காத்திருக்கவே கூடாது என்பதை இங்கே வைத்து யோசித்தால்தான் தெளிவாகத் தெரிகிறது.

முதலில் ஒரு வேறுபாட்டைச் சொல்லிவிட வேண்டும். பலரும் காது இரைச்சல் என்று சொல்வது சில்வண்டு கத்துவதுபோல விடாமல் கேட்கிற 'ஙொய்' என்ற சத்தம். வயதாவது, வெடிச்சத்தம், நெடுநாள் இயந்திர இரைச்சல் என்று உட்காதில் ஒலியை உணர்கிற செல்கள் பழுதாகும்போது அது வருகிறது. வெளியில் அந்த ஒலி எங்கும் இல்லை, நரம்புமண்டலம் உண்டாக்குகிற ஒலி அது. நாடியோடு சேர்ந்து வருகிற இரைச்சல் அப்படிப்பட்டதல்ல. பெரும்பாலும் அது உடம்புக்குள்ளேயே நிஜமாக எழுகிற ஒலி. சிலரிடம் மருத்துவர் காதுக்குப் பின்னால் ஸ்டெதாஸ்கோப் வைத்தால் அவருக்கும் கேட்கும். காது இரைச்சலுக்காக வருகிற எல்லோரிலும் இவர்கள் சிறு பங்குதான், பத்தில் ஒருவருக்கும் குறைவு. ஆனால் தேடினால் காரணம் கிடைக்கிற வாய்ப்பு இவர்களிடம்தான் அதிகம். 'இதுக்கு வைத்தியம் கிடையாது, பழகிக்கணும்' என்று சாதாரண இரைச்சல்காரரிடம் சொல்வதில் பாதி நியாயமாவது உண்டு. நாடி கேட்கிறவரிடம் சோதிக்காமல் அதே வார்த்தையைச் சொல்ல யாருக்கும் உரிமை இல்லை.

காது இருக்கிற இடத்தைப் பார்த்தால் காரணம் புரியும். மூளைக்கு ரத்தம் கொண்டுபோகிற பெரிய தமனி, உட்காதின் நத்தை எலும்புக்குச் சில மில்லிமீட்டர் தூரத்தில் எலும்புக்குள் வளைந்து போகிறது. மூளையிலிருந்து ரத்தத்தைக் கீழே இறக்குகிற பெரிய சிரைக்கால்வாய் காதுக்குப் பின்னெலும்பை ஒட்டி வருகிறது. அது கழுத்துச் சிரையாக மாறுகிற புடைப்பு நடுக்காதின் தரைக்கு நேர் கீழே இருக்கிறது. இவ்வளவு பக்கத்தில் ரத்தம் ஓடியும் நமக்குக் கேட்காமல் இருக்கக் காரணம், அது சீராக ஓடுவதுதான். மழை முடிந்த பிறகு மலை ஓடை அகலமான இடத்தில் சத்தமில்லாமல் போகிறது, பாறை இடுக்கில் நுழைகிற இடத்தில் மட்டும் இரைகிறது. ரத்தமும் அப்படித்தான். குழாய் ஓரிடத்தில் குறுகினாலோ, தமனியும் சிரையும் முறைதவறி இணைந்துவிட்டாலோ, இடையில் இருக்கிற எலும்புச் சுவர் மெலிந்துவிட்டாலோ ஓட்டம் கேட்கத் தொடங்கும். இதெல்லாம் அந்த ஓரிடத்துக் கோளாறுகள். இன்னொரு வகையில் குழாயில் ஒரு பழுதும் இருக்காது, உடம்பு முழுவதும் ரத்தம் வேகமாக ஓடும். ரத்தசோகை, தைராய்டு அதிகமாகச் சுரப்பது, கர்ப்பம், கட்டுக்கடங்காத ரத்த அழுத்தம் எல்லாம் இதில் அடங்கும். மூன்றாவது வகை இன்னும் எளிது. காதில் அழுக்கு அடைத்தாலும் நடுக்காதில் நீர் கோத்தாலும் வெளிச்சத்தம் குறைந்து உள்சத்தம் தூக்கலாகக் கேட்கும்.

இதில் எல்லாமே நோயில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஏற்றம் ஏறி வந்து உட்கார்ந்ததும் காதில் நாடி அடிப்பது, தலையணையில் காதை அழுத்திப் படுக்கும்போது கேட்பது, காய்ச்சலில் கேட்பது எல்லாம் யாருக்கும் நடக்கும். அமைதியும் இதில் ஒரு காரணம். 1953-இல் ஹெல்லர், பெர்க்மன் என்ற இரண்டு ஆய்வாளர்கள், காதில் எந்தக் குறையும் சொல்லாத 80 பேரை ஒலிபுகாத அறையில் உட்கார வைத்து என்ன கேட்கிறது என்று எழுதச் சொன்னார்கள். 94 சதவீதம் பேர் ஏதோ ஒரு சத்தம் கேட்டதாக எழுதினார்கள். ஜவ்வாது மலையின் இரவுகளைப் பற்றித் தெரிந்தவர்களுக்கு இது வியப்பாக இருக்காது. நகர வெளிச்சம் எட்டாத வானத்துக்காகத்தான் வானியலாளர் வைணு பாப்பு இந்த மலையில் இருக்கிற காவலூரைத் தேர்ந்தெடுத்தார். 1986-இல் திறந்த 2.3 மீட்டர் தொலைநோக்கி இன்றும் அங்கேதான் நிற்கிறது. வெளிச்சம் குறைந்த இடத்தில் சத்தமும் குறைவு. ஃபேன் சத்தமோ பஸ் சத்தமோ மூடி வைத்திருக்கிற ஓர் இரைச்சல் இங்கே தனியாகத் தெரியும். ஆகவே எப்போதாவது கேட்டு அடங்குகிற நாடிச் சத்தத்துக்கு யாரும் பயப்பட வேண்டாம். ஓய்வாக இருக்கும்போதும் நாள்தோறும் கேட்கிறது, வாரக்கணக்கில் தொடர்கிறது, ஒரு பக்கம் மட்டும் கேட்கிறது என்றால் சோதனை தேவை. ஒரு நிமிடம் முழுக்க மணிக்கட்டு நாடியை எண்ணி, இரைச்சல் அதோடு ஒத்துப்போகிறதா என்று பார்ப்பதை மட்டும் வீட்டிலேயே செய்யலாம். நாடிக்குச் சம்பந்தமில்லாமல் 'டிக் டிக்' என்று விரைவாக அடித்தால் அது நடுக்காது, அண்ணத் தசைகளின் துடிப்பாக இருக்கலாம், அது வேறு கணக்கு.

சோதனை தேவை என்றதும் பலருக்கு மனதில் வருவது ஸ்கேன். அமெரிக்கக் காது மூக்கு தொண்டை மருத்துவர் சங்கம் 2014-இல் வெளியிட்ட வழிகாட்டி, பொதுவான காது இரைச்சலுக்கு ஸ்கேன் எடுக்கவே வேண்டாம் என்று அழுத்தமாகச் சொல்லிவிட்டு, சில விதிவிலக்குகளைக் கொடுத்தது. நாடியோடு சேர்ந்த இரைச்சல் அதில் ஒன்று. பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2020-இல் இன்னும் தெளிவாகச் சொன்னது. நாடியோடு ஒத்த இரைச்சல் இருந்து, உடல் பரிசோதனையும் கேட்கும் திறன் பரிசோதனையும் சரியாக இருந்தால் எம்.ஆர். ஆஞ்சியோகிராம் அல்லது எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொல்கிறது. இந்த வாக்கியத்தைப் பலர் பாதியாகப் படிக்கிறார்கள். பரிசோதனை முதலில் நடந்திருக்க வேண்டும் என்பது அதன் ஒரு பாதி. பரிசோதனையில் ஒன்றும் தெரியாதபோதுதான் உள்ளே பார்க்க வேண்டும் என்பது மறுபாதி. 'எல்லாம் நார்மல், வீட்டுக்குப் போங்க' என்று அனுப்புகிற வழக்கம் இதற்கு நேர் எதிரானது. காதும் ரத்தமும் அழுத்தமும் சரியாக இருந்து இரைச்சல் மட்டும் நிற்கவில்லை என்றால் ஸ்கேனுக்கான தேவை கூடுகிறது.

அந்த முதல் பரிசோதனை என்ன? ஆரம்ப சுகாதார நிலையத்தில் நடக்கக்கூடியதுதான். காதுக்குள் லைட் அடித்துப் பார்ப்பது, பிபி பார்ப்பது, ஹீமோகுளோபின் பார்ப்பது, கழுத்திலும் காதுக்குப் பின்னாலும் ஸ்டெதாஸ்கோப் வைப்பது. இந்தக் கடைசி ஒன்றைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் இப்போது அதைச் செய்யப் பொறுமை குறைந்துவிட்டது. நோயாளியை நிமிர்ந்து உட்கார வைத்து, முகத்தை எதிர்ப்பக்கம் லேசாகத் திருப்பச் சொல்லி, காறை எலும்புக்கு மேலே இருக்கிற பள்ளத்தில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்தால் சிலரிடம் விடாத ஒரு முரலும் ஓசை கேட்கும். தாடைக்குக் கீழே கழுத்தை ஒரு விரலால் மெதுவாகத் தொட்டு அழுத்தினால் ஓசை சட்டென்று நிற்கும், விட்டால் திரும்ப வரும். அது சிரையில் ஓடுகிற ரத்தத்தின் சத்தம். பத்தொன்பதாம் நூற்றாண்டு பிரெஞ்சு மருத்துவர்கள் ரத்தசோகை பிடித்த இளம்பெண்களின் கழுத்தில் இதைக் கேட்டு எழுதிவைத்தார்கள். ஆரோக்கியமான குழந்தைகளிடமும் இது கேட்கும் என்பதால் ஓசை இருப்பதே நோயாகாது. ஆனால் மருத்துவர் மெல்ல அழுத்தும்போது நோயாளியும் "இப்ப நின்னுடுச்சு" என்று சொன்னால், இரைச்சல் சிரை வழியாக வருகிறது என்பதற்கு அது நல்ல தடயம். எதிர்ப்பக்கம் தலையைத் திருப்பினால் கூடி, அதே பக்கம் திருப்பினால் குறைவதும் அதையே காட்டும். (இதை வீட்டில் தானாகச் செய்துபார்க்க வேண்டாம். வயதானவர்களின் கழுத்துத் தமனியில் கொழுப்புப் படிவு இருக்கலாம், அழுத்துவது ஆபத்து.) ஓசை அழுத்தினாலும் நிற்காமல், காதுக்குப் பின்னாலும் தலையிலும் உரக்கக் கேட்டால் தமனி சம்பந்தப்பட்ட கோளாறை நினைக்க வேண்டும். செலவில்லாத இந்த இரண்டு நிமிடம், அடுத்து எந்த ஸ்கேன், எவ்வளவு அவசரம் என்பதைப் பாதி தீர்மானித்துவிடும்.

காதுக்குள் பார்ப்பதும் சடங்குக்காக அல்ல. அழுக்கு இருந்தால் எடுத்ததுமே சிலருக்கு இரைச்சல் போய்விடும். செவிப்பறைக்குப் பின்னால் சிவப்பாக ஏதோ துடிப்பது தெரிந்தால் அது ரத்தக்குழாய்கள் நிறைந்த குளோமஸ் கட்டியாக இருக்கலாம். அதைத் தொட்டுக் கிள்ளிப் பார்க்கவே கூடாது, ரத்தம் கொட்டும். சூடான எண்ணெய் விடுவதோ குச்சி விட்டுக் குடைவதோ ஏன் கூடாது என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

இப்போது ஹீமோகுளோபினுக்கு வருகிறேன், ஜவ்வாது மலையில் என் வாதத்தின் மையம் அதுதான். தேசிய குடும்ப நல ஆய்வின் ஐந்தாவது சுற்றில் (2019-21) தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை இருந்தது. இது மாநிலம் முழுவதற்குமான கணக்கு. மலையில் இதோடு இன்னொன்று சேர்கிறது, கொக்கிப்புழு. மண்ணில் இருக்கிற அதன் குஞ்சுகள் வெறுங்காலின் தோலைத் துளைத்து உடம்புக்குள் ஏறி, குடலில் ஒட்டிக்கொண்டு ரத்தம் குடிக்கின்றன. தென்னிந்தியாவில் பரவலாக இருக்கிற வகையில் ஒரு புழு ஒரு நாளைக்குக் குடிப்பது 0.03 மில்லிலிட்டர்தான். நூறு புழு இருந்தால் தினம் 3 மில்லி, மாதம் 90 மில்லி. சாமை வயலில் களையெடுக்கிற, பிள்ளை பெற்று பால் கொடுக்கிற, மாதவிலக்கில் ரத்தம் இழக்கிற ஒரு பெண்ணுக்கு இந்த 90 மில்லியை ஈடுகட்டச் சாப்பாட்டில் அவ்வளவு இரும்புச்சத்து கிடைப்பதில்லை. வேலூர் சி.எம்.சி. நடத்திய டீவார்ம்-3 ஆய்வு 2017-இல் தொடங்கியபோது இந்தியாவில் தேர்ந்தெடுத்த இரண்டு இடங்கள் திமிரியும் ஜவ்வாது மலையும். ஊர் முழுக்கப் பெரியவர், சிறியவர் எல்லோருக்கும் மாத்திரை கொடுத்தால் இந்தப் புழுக்களின் பரவலை நிறுத்திவிட முடியுமா என்பதே அந்த ஆய்வின் கேள்வி. ஆக இங்கே ரத்தம் குறைவதற்கு மண்ணிலேயே காரணம் இருக்கிறது. ரத்தம் குறைந்தால் அது நீர்த்துப்போகிறது, இதயம் ஈடுகட்ட வேகமாகத் தள்ளுகிறது, நீர்த்த ரத்தம் வேகமாக ஓடும்போது சுழல் எழுந்து சத்தம் போடுகிறது. மூச்சுவாங்கல், களைப்பு, வெளிறிய கண்ணிமை இவற்றோடு ஒரு பெண் "காதுல நாடி அடிக்குது" என்றால், ஹீமோகுளோபின் பார்க்காமல் மலையிறக்கி ஸ்கேனுக்கு அனுப்புவது அநியாயம். அங்கே நார்மல் என்று ஒரு தாள் கையில் கொடுப்பார்கள். 7 கிராம் ரத்தத்தோடும் அதே இரைச்சலோடும் அவள் திரும்பி வருவாள்.

இங்கே ஒருவர் நியாயமாகவே மறுக்கலாம். பாதிப் பேருக்கு ரத்தசோகை இருக்கிற ஊரில், காது இரைச்சலோடு வருகிறவரிடம் ரத்தசோகையைக் கண்டுபிடிப்பதில் என்ன அதிசயம்? வேறு ஆபத்தான காரணம் உள்ளவருக்கும் ரத்தம் குறைவாகத்தானே இருக்கும்? அதையே காரணம் என்று சொல்லிச் சத்து மாத்திரையோடு அனுப்பிவிட்டால் நிஜமான நோய் தப்பிப் போகாதா? இந்த மறுப்பை நான் முழுவதும் ஏற்கிறேன். அதனால்தான் ரத்தசோகையைக் கண்டுபிடிப்பது முடிவாகாது, அதைச் சரிசெய்து பார்ப்பதுதான் சோதனை என்கிறேன். பூச்சி மாத்திரையும் இரும்புச்சத்து மாத்திரையும் ஒழுங்காக எடுத்தால், சாப்பாட்டோடு டீ குடிப்பதை நிறுத்தினால், ஒரு மாதத்தில் ஹீமோகுளோபின் ஒரு கிராமுக்கு மேல் ஏற வேண்டும். ஏறி வரும்போது இரைச்சலும் குறைந்து அடங்கினால் காரணம் அதுதான். உடம்பின் இருப்பு நிரம்ப இன்னும் மூன்று மாதம் மாத்திரை தொடரட்டும். ரத்தம் ஏறியும் இரைச்சல் அப்படியே இருந்தால் அடுத்த கட்டத்துக்குப் போக வேண்டும், அதற்குமேல் காத்திருக்கக் காரணம் இல்லை. ரத்தமே ஏறவில்லை என்றால் மாத்திரை உள்ளே போகிறதா, வேறெங்காவது ரத்தம் போகிறதா என்று தேட வேண்டும். திரும்ப வர ஒரு தேதியைக் குறித்துக் கொடுக்காத வைத்தியம் இந்த மறுப்புக்கு இடம் கொடுத்துவிடும்.

ரத்தசோகை இருந்தாலும் கண்ணைப் பார்க்காமல் விடக்கூடாது என்பதும் இதோடு சேர்ந்தது. தலைக்குள் நீரழுத்தம் வெளிப்படையான காரணமில்லாமல் கூடுகிற ஒரு நோய் உண்டு. பெரும்பாலும் பிள்ளை பெறும் வயதில், எடை கூடிய பெண்களுக்கு வருகிறது. ரத்தசோகையோடும் அதற்குத் தொடர்பு இருக்கிறது, டாக்ஸிசைக்ளின் போன்ற மாத்திரைகளாலும் வரலாம். காலையில் தலைவலி, குனிந்து நிமிரும்போது சில நொடி கண் இருட்டிப்போவது, கூடவே காதில் நாடிச் சத்தம். இதைக் கவனிக்காமல் விட்டால் நிரந்தரமாகப் பார்வை போகலாம். இதைக் கண்டுபிடிக்க முதலில் வேண்டியது கண்ணின் உட்திரையைப் பார்க்கிற ஆப்தல்மாஸ்கோப், ஹெல்ம்ஹோல்ட்ஸ் 1851-இல் உருவாக்கிய கருவி. கண்நரம்பு நுழைகிற வட்டம் வீங்கி ஓரம் மங்கியிருந்தால் அன்றைக்கே மேல்சிகிச்சைக்கு அனுப்ப வேண்டும். மருத்துவருக்கு வசதிப்படவில்லை என்றால் கண் பரிசோதகரிடமாவது காட்டலாம். காது இரைச்சலுக்குக் கண்ணைப் பார்க்கச் சொன்னால் நோயாளிக்கு விசித்திரமாகத் தோன்றும், அதனால் ஏன் என்று அவரிடம் சொல்லிவிட்டுச் செய்ய வேண்டும்.

எதற்குக் காத்திருக்கவே கூடாது என்று கேட்டால், பிள்ளை பெற்ற பெண்களை முதலில் சொல்வேன். பிரசவமான சில வாரங்களில் ரத்தம் உறையும் தன்மை கூடியிருக்கும். அதோடு பச்சை உடம்புக்காரிக்குத் தண்ணீர் கொடுக்கக்கூடாது என்கிற பழக்கம் நம் ஊர்களில் இன்னும் இருக்கிறது. ரத்தசோகை, நீர்வற்றல், பிரசவம் மூன்றும் சேர்ந்தால் மூளையின் சிரைக்கால்வாயில் ரத்தம் உறைந்து அடைத்துக்கொள்ளலாம். இந்தியாவில் இளம்பெண்களுக்கு வருகிற பக்கவாதத்தில் இதற்குத் தனி இடம் இருப்பதை நம் மருத்துவர்கள் பல பத்தாண்டுகளாக எழுதி வருகிறார்கள். பிரசவத்துக்குப் பிறகு விடாத தலைவலி, வாந்தி, காதில் நாடிச் சத்தம், ஒரு பக்கம் கை கால் சோர்வு, வலிப்பு இவற்றில் எது சேர்ந்து வந்தாலும் ஹீமோகுளோபின் ஏறும்வரை பொறுத்திருப்பது கொலைக்குச் சமம். 108-ஐக் கூப்பிட்டு ஸ்கேன் இருக்கிற இடத்துக்குக் கொண்டுபோக வேண்டும். ஆரம்பத்திலேயே கண்டுபிடித்தால் உறைவைத் தடுக்கிற ஊசி மருந்தால் பெரும்பாலோர் பிழைத்து நடக்கிறார்கள்.

இரண்டாவது, அடி. மலைச்சாலை வளைவில் பைக்கோடு விழுந்தவருக்குச் சில நாளிலோ வாரத்திலோ ஒரு கண் சிவந்து பிதுங்கி, தலைக்குள் 'உஸ் உஸ்' என்று கேட்டால், கண்ணுக்குப் பின்னால் தமனி கிழிந்து சிரையோடு கலந்திருக்கலாம். கண்ணுக்குச் சொட்டு மருந்து விட்டு இது தீராது. மாஸ்கோவில் செர்பினென்கோ 1970-களில் ரத்தக்குழாய் வழியாகவே சிறு பலூனைக் கொண்டுபோய் இந்தக் கிழிசலை அடைத்துக் காட்டியதிலிருந்து, மண்டையைத் திறக்காமலே குணப்படுத்தும் வழி இருக்கிறது. அதேபோல கழுத்தில் சுளுக்கு எடுத்த பிறகோ சலூனில் கழுத்தைச் சொடுக்கிய பிறகோ திடீரென்று கழுத்துவலியும் ஒரு பக்கம் நாடி இரைச்சலும் வந்தால், கழுத்துத் தமனியின் உட்சுவர் கிழிந்திருக்கலாம். அந்தப் பக்கத்துக் கண்ணிமை தொங்கினால் சந்தேகம் இன்னும் கூடும். இதுவும் அன்றைக்கே பார்க்க வேண்டியது.

இவ்வளவு ஆபத்து இருக்கும்போது எதற்குப் படிப்படியாக, எல்லோருக்கும் நேரே ஒரு எம்.ஆர்.ஐ. எடுத்துவிட்டால் கவலை தீர்ந்ததே என்று கேட்பவர்கள் உண்டு. தீராது. மூளைக்கு எடுக்கிற வழக்கமான எம்.ஆர்.ஐ. ரத்த ஓட்டத்தைக் காட்டுவதற்காக எடுப்பது அல்ல. மூளை உறையில் தமனியும் சிரையும் முறைதவறி இணைந்திருக்கிற நோய் அதில் தெரியாமலே போகலாம். அதற்குத் தமனியையும் சிரையையும் தனித்தனியே காட்டுகிற எம்.ஆர். ஆஞ்சியோகிராம், வீனோகிராம் வேண்டும், அல்லது சாயம் ஏற்றி எடுக்கிற சி.டி. வேண்டும். காதுப்புற எலும்பு மெலிந்திருப்பதைப் பார்க்க நுண்ணிய சி.டி. வேண்டும். 'மூளை ஸ்கேன்' என்று மட்டும் எழுதி அனுப்பினால், தவறான ஸ்கேனில் வந்த 'நார்மல்' உண்மையான நோயை ஆண்டுக்கணக்கில் மறைத்து வைக்கும். மறுபக்கம், நோயே இல்லாத பலரிடமும் இரண்டு பக்கச் சிரைக்கால்வாய்களில் ஒன்று சிறுத்திருப்பதும், கழுத்துச் சிரைப்புடைப்பு உயரமாக இருப்பதும் சாதாரணம். முன்பரிசோதனை இல்லாமல் எடுத்த ஸ்கேனில் இப்படி ஏதாவது ஒரு வரி இருந்தால் அந்த வரியே புதிய நோயாகிவிடும். கழுத்தை அழுத்தினால் நிற்கிற இரைச்சலா, எந்தப் பக்கம், கண்நரம்பு எப்படி இருக்கிறது என்பது தெரிந்தால்தான் அந்த வரிக்குப் பொருள் உண்டு. படிப்படி என்று நான் சொல்வது ஸ்கேனைத் தள்ளிப்போட அல்ல, எடுக்கிற ஸ்கேன் வீணாகாமல் இருக்கத்தான்.

உறையில் வருகிற அந்தத் தமனி-சிரை இணைப்புக்காகவே ஸ்கேனை ஒரேயடியாக ஒதுக்கவும் முடியாது. அது அபூர்வம். பெரும்பாலும் நடுவயதுக்கு மேல் வருகிறது, சிலருக்கு இரைச்சல் ஒன்றுதான் அறிகுறி. இணைப்பின் ரத்தம் பெரிய கால்வாயில் மட்டும் போய்ச் சேர்ந்தால் ஆபத்து குறைவு. மூளையின் மேற்பரப்புச் சிரைகளுக்குள் எதிர்த்துப் பாய்ந்தால் மூளைக்குள் ரத்தக்கசிவு ஏற்படும் வாய்ப்பு நிஜமானது. தொடையிலோ மணிக்கட்டிலோ குழாய் செலுத்தி எடுக்கிற ஆஞ்சியோகிராமில்தான் இது உறுதியாகத் தெரியும். அதே வழியில் பசை செலுத்தி அடைத்தால் பலருக்குச் சத்தம் அங்கேயே நின்றுபோகிறது. இந்தியாவின் முதல் நரம்பு அறுவைத் துறையை ஜேக்கப் சாண்டி 1949-இல் தொடங்கியது வேலூரில், ஜவ்வாது மலையின் அடிவாரத்திலிருந்து எட்டுகிற தூரத்தில். மருத்துவம் தூரத்தில் இல்லை, அங்கே யார் போக வேண்டும் என்பதை முடிவு செய்கிற இடம்தான் மேலே மலையில் இருக்கிறது.

இப்படிப் பட்டியல் போட்டு எழுதினால் இல்லாத பயத்தை உண்டாக்காதா என்று கேட்கலாம். பயத்தைப் பற்றிய கவலை எனக்கும் உண்டு. இந்த இரைச்சலின் கொடுமையே அதுதான். கவலைப்பட்டால் இதயம் வேகமாக அடிக்கிறது, பிபி ஏறுகிறது, இரைச்சல் உரக்கிறது, உரத்த இரைச்சல் கவலையைக் கூட்டுகிறது, தூக்கம் கெடுகிறது. ஆனால் 'ஒண்ணுமில்ல' என்ற வார்த்தையால் இந்தச் சுழல் அறுவதை எங்கும் பார்க்க முடியாது. பார்த்து, தொட்டு, எண்ணி, 'உங்க ரத்தம் 8 கிராம், கழுத்தை அழுத்தினா சத்தம் நிக்குது, கண் நரம்பு நல்லா இருக்கு, அடுத்த மாசம் இந்தத் தேதிக்கு வாங்க' என்று சொன்னால் பெரும்பாலோருக்குப் பாதிப் பயம் அங்கேயே இறங்கும். காரணம் தெரிந்த சத்தத்தோடு தூங்க முடிகிறது. அதுவரை ராத்திரியில் தணிவான குரலில் ரேடியோவோ ஃபேனோ ஓடட்டும், அது உதவும்.

பிபி பார்ப்பதற்கு வழி மலையில் ஏற்கெனவே இருக்கிறது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் ஊழியர்கள் வீடு தேடி வந்து பிபி, சர்க்கரை பார்த்து மாத்திரை கொடுக்கிறார்கள். அவர்களுக்கு இன்னும் ஒரே ஒரு கேள்வியைக் கற்றுக்கொடுத்தால் போதும் என்பது என் எண்ணம்: 'காதுல சத்தம் கேக்குதா, அது நாடியோட சேந்து அடிக்குதா?' ஆம் என்றவர் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வரட்டும். அங்கே காது, பிபி, ஹீமோகுளோபின், கழுத்து, முடிந்தால் தைராய்டு, கண் பார்க்கட்டும். மலையிறங்கத்தான் வேண்டும் என்று முடிவானால் கையில் கொடுக்கிற சீட்டில் எந்தப் பக்கம், எத்தனை மாதமாக, நாடியோடு ஒத்ததா, அழுத்தினால் நிற்கிறதா, ரத்தம் எத்தனை கிராமிலிருந்து எத்தனை கிராமுக்கு ஏறியது, கண்நரம்பு எப்படி, தமனி, சிரை இரண்டையும் காட்டுகிற ஸ்கேன் வேண்டும் என்பதெல்லாம் எழுதியிருக்க வேண்டும். முதலமைச்சரின் காப்பீட்டு அட்டையை மறக்காமல் எடுத்துப் போகச் சொல்ல வேண்டும். போளூர் பஸ்ஸைப் பிடித்து இறங்குகிறவர் அந்த ஒரே நாளில் சரியான மருத்துவரிடம் சரியான ஸ்கேனோடு போய் நிற்பதற்கு இந்தச் சீட்டு போதும். அது சரியாக எழுதப்படாவிட்டால் அவர் இன்னொரு நாள் கூலியை இழந்து மறுபடியும் அதே பஸ்ஸில் இறங்க வேண்டியிருக்கும், இரண்டாவது முறை பலர் இறங்குவதில்லை.